முதற் கடைசல் உளிகள்: எதை வாங்குவது, எதைத் தள்ளிவைப்பது

வெள்ளவத்தையில் வசிக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருப்பது இது. வெளிநாட்டில் குடியேறச் செல்லும் ஒருவரிடமிருந்து, மேசைமேல் வைத்து இயக்கும் சிறிய மரக்கடைசல் இயந்திரம் ஒன்றை அவர் வாங்கியிருக்கிறார். அதனுடன் உளி எதுவும் வரவில்லை. மரப்பெட்டியில் அடுக்கிய எட்டு உளிகள் மலிவான விலையில் கிடைக்கின்றன. ஏறத்தாழ அதே விலைக்கு, இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் செய்த பெயர்பெற்ற உளி ஒன்றுதான் கிடைக்கும். எட்டை வாங்குவதா, ஒன்றை வாங்குவதா என்பது அவருடைய கேள்வி. பம்பரம், மத்து, மேசைவிளக்கின் தண்டு போன்றவற்றில் தொடங்கிப் பின்னர் கிண்ணம் கடைய வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

இரண்டையும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். ஒதுக்கி வைத்திருக்கும் பணம் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நான்கு ரூபாயைச் சாணை இயந்திரத்துக்கும் அதன் கல்லுக்கும், நான்கு ரூபாயை மூன்று உளிகளுக்கும், மீதி இரண்டு ரூபாயை முகக்கவசத்துக்கும் சில்லறைச் சாமான்களுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரிவினையைச் சொன்னவுடன் புதியவர்கள் முகம் சுளிப்பார்கள். மரம் கடைய வந்தவனிடம் சாணைக்கல்லைப் பற்றிப் பேசுகிறாரே என்று நானும் ஒரு காலத்தில் முகம் சுளித்தவன்தான் என்பதால், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் முதலில் வாங்கியதும் எட்டு உளிகள் கொண்ட ஒரு பெட்டியைத்தான். பார்வைக்கு மிக அழகாக இருந்தது. மெருகிட்ட பிடிகள், பித்தளைப் பூண்கள், மூடியின் உட்புறத்தில் பச்சைத் துணி. பழைய தேக்கு யன்னல் சட்டத்திலிருந்து அறுத்த துண்டொன்றில் அந்த உளிகளை வைத்தபோது, முதல் இரண்டு நிமிடங்கள் சீவல் சுருள்சுருளாக வந்தது. மூன்றாவது நிமிடத்தில் மாவாகக் கொட்டத் தொடங்கியது. கடையில் மலிவாக வாங்கிய சாம்பல் நிறக் கல்லில் தீட்டினேன். உளியின் நுனி நீலமாக மாறியது. அதன் பின்னர் அந்த இடத்தில் கூர் நிற்கவே இல்லை. குறை என் கையில்தான் என்று எண்ணி ஏழெட்டு மாதங்கள் மல்லுக்கட்டினேன். கடைசியில் மொரட்டுவையில் கட்டில் கால்களுக்குக் கடைசல் பிடிக்கும் வயதான பாஸ் ஒருவரிடம் அந்த உளிகளைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அவர் இயந்திரத்தைத் தொடவே இல்லை. உளியின் வாயைத் தமது பெருவிரல் நகத்தில் மெல்ல வைத்தார். அது பனிக்கட்டியில் வைத்ததைப் போல வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு தமது உளியை என் நகத்தில் வைத்தார். அது நகத்தைப் பற்றிக்கொண்டு நின்றது. அன்று எனக்குக் கிடைத்த பாடம் அவ்வளவுதான். மீதியை அவர் தேநீர் குடித்துக்கொண்டே சிரித்துத் தீர்த்தார்.

அந்த நீல நிறத்திலிருந்தே தொடங்குவோம். மலிவான உளிகளில் இரண்டு வகை உருக்குகள் வருகின்றன. ஒன்று காபன் உருக்கு, மற்றையது எச்.எஸ்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஹைஸ்பீட் ஸ்டீல், அதாவது அதிவேக உருக்கு. காபன் உருக்கை மிக நுண்மையான கூருக்குக் கொண்டுவரலாம், அதில் ஐயமில்லை. ஆனால் வெப்பநிலை ஏறத்தாழ 200 பாகை செல்சியஸைத் தாண்டும்போதே அதன் பதம் இறங்கத் தொடங்கிவிடும்; நீல நிறம் தெரியும்போது அந்த இடம் ஏறத்தாழ 300 பாகையைத் தொட்டிருக்கும். நீலம் படிந்த பகுதி முழுவதையும் அரைத்துக் களைந்தாலன்றி உளி பழைய நிலைக்குத் திரும்பாது. எச்.எஸ்.எஸ். உருக்கோ 500 பாகைக்கு மேலும் தன் கடினத்தைப் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பதில்லை. பரவலாகக் கிடைக்கும் எம்2 என்ற வகையில் ஏறத்தாழ 6 சதவீதம் டங்ஸ்டனும், 5 சதவீதம் மொலிப்டினமும், 4 சதவீதம் குரோமியமும், 2 சதவீதம் வனேடியமும் கலந்திருக்கின்றன. அந்த உறுதி இக்கலவையால் வருவது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், அமெரிக்காவின் பெத்லஹேம் உருக்காலையில் பணியாற்றிய டெய்லர், வைட் ஆகியோர் இவ்வகை உருக்கின் முன்னோடியைக் கொண்டு இரும்பைக் கடைந்து காட்டியபோது, உளியின் நுனி சிவந்து கனன்ற நிலையிலும் வெட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்து இயந்திரத் தொழிலாளர்கள் வியந்தார்கள்.

மரம் கடைபவருக்கு அவ்வளவு வெப்பம் எங்கிருந்து வரப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். மரத்திலிருந்து அவ்வளவு வருவதில்லை, சாணைக்கல்லிலிருந்து வருகிறது. புதியவர் ஒருவர் உளியைக் கெடுப்பது பெரும்பாலும் சாணையில்தான். அழுத்திப் பிடிப்பார், ஒரே இடத்தில் நிறுத்துவார், நுனி மெல்லியது என்பதால் அது நொடியில் கொதித்துவிடும். எச்.எஸ்.எஸ். அந்தத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். இன்னொரு காரணமும் உண்டு. அது நம் நாட்டு மரங்களைச் சார்ந்தது. தேக்கின் உள்ளே சிலிக்கா என்னும் மணற்சத்து இருக்கிறது; தென்னை மரத்தின் புறப்பகுதியும் உளியின் வாயைத் தின்றுவிடும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள புதியவர்கள் மேப்பிள், ஆஷ் போன்ற மரங்களில் பழகுகிறார்கள். நாம் கைக்கு எட்டிய தேக்கிலும் மகோகனியிலும் முதிரையிலும் பழகுகிறோம். காபன் உருக்கில் அங்கே பத்து நிமிடங்கள் நிற்கும் கூர் இங்கே தேக்கில் அதில் பாதி கூட நிற்காது.

ஆகவே, பெட்டியில் எத்தனை உளிகள் இருக்கின்றன என்று எண்ணுவதற்கு முன்னர் அவை எந்த உருக்கு என்று பாருங்கள். எச்.எஸ்.எஸ். என்ற எழுத்துகள் உளியின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். பெட்டியின் மீது மட்டும் அச்சிட்டிருந்தால் நான் நம்புவதில்லை. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பழைய உளி என்றால், அதன் வாலின் ஓரத்தைச் சாணைக்கல்லில் ஒரு கணம் தொடுவித்துப் பொறிகளைப் பாருங்கள். காபன் உருக்கு மத்தாப்பைப் போல வெண்மஞ்சளாகப் பூத்து வெடிக்கும், எச்.எஸ்.எஸ். மங்கிய செம்மஞ்சள் நிறத்தில், குறுகிய கோடுகளாக, வெடிப்பின்றி விழும். ஒருமுறை இரண்டையும் அருகருகே பார்த்தவருக்குப் பின்னர் குழப்பம் வராது.

இனி எந்த உளிகள் என்ற விடயத்துக்கு வருகிறேன். எட்டு உளிப் பெட்டிகளில் பொதுவாக இருப்பவை இவை: உருட்டுவதற்கான பெரிய கௌஜ் ஒன்று, சிறிய கௌஜ்கள் இரண்டு அல்லது மூன்று, சாய்வான வாயுள்ள ஸ்கியூ ஒன்று அல்லது இரண்டு, வெட்டிப் பிரிக்கும் பார்ட்டிங் உளி ஒன்று, சுரண்டும் உளி ஒன்று அல்லது இரண்டு. கௌஜ் என்பது வாய் அரைவட்டமாக வளைந்து உடலில் வாய்க்கால் போன்ற குழி ஓடும் உளி. இவற்றில் பாதி உளிகள் மற்றப் பாதி செய்யும் வேலையையே கொஞ்சம் வேறு அளவில் செய்பவை. இப்பெட்டிகள் பலவற்றில் கிண்ணம் கடைவதற்கான உளி ஒன்றுகூட இராது. ஆனால் கிண்ணத்தின் படம் மட்டும் பெட்டியின் மேல் இருக்கும்.

உங்கள் முதல் ஆறு மாதங்களுக்கு மூன்று உளிகள் போதும். முதலாவது, 20 மில்லிமீற்றர், அதாவது முக்கால் அங்குல அகலமுள்ள ரஃபிங் கௌஜ். சதுரமான கட்டையை உருளையாக்குவது இதன் வேலை. இரண்டாவது, 10 மில்லிமீற்றர் ஸ்பிண்டில் கௌஜ். வளைவுகள், குழிவுகள், மணிகள் எல்லாம் இதனால்தான். மூன்றாவது, 3 மில்லிமீற்றர் பார்ட்டிங் உளி. அளவு குறிக்கவும் துண்டைப் பிரித்தெடுக்கவும் இது வேண்டும். ஸ்கியூவை ஏன் விட்டுவிட்டேன் என்று பழகியவர்கள் என்னோடு சண்டைக்கு வரக்கூடும். ஸ்கியூ பிடிக்கத் தெரிந்தவர் சாண்ட் பேப்பரைத் தொட வேண்டியதே இல்லை என்பது உண்மை. ஆனால் பிடிக்கத் தெரியாதவர் கையில் அது சட்டென்று மரத்தில் மாட்டி, தண்டு முழுவதும் திருகுபோலக் கீறிவிட்டுப் போகும். முதல் நாளே அந்த அனுபவம் பெற்றுப் பயந்து இயந்திரத்தை விற்றவரையும் நான் அறிவேன். இரண்டு மாதங்கள் கழித்து வாங்குங்கள். அப்போதும் நீள்வட்ட உடலுள்ளதைத் தவிர்த்து, தட்டையான செவ்வக உடலுள்ளதை வாங்குங்கள். சாணையின் தாங்கியில் அது ஆடாமல் படுக்கும்.

கிண்ணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ரஃபிங் கௌஜைக் கொண்டு கிண்ணம் கடையக் கூடாது. பெயரைப் பார்த்து, கரடுமுரடானதை எல்லாம் இதனால் உருட்டலாம் என்று நினைத்தே பலர் அதில் கைவைக்கிறார்கள். தண்டு கடையும்போது மரத்தின் இழை இயந்திரத்தின் நீளவாக்கில் ஓடுகிறது. கிண்ணம் கடையும்போது அது குறுக்காக ஓடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை இழையின் வெட்டுமுகம் உளியின் மீது வந்து மோதுகிறது. ரஃபிங் கௌஜின் வாய் அகலமானது, அதன் வால் மட்டும் மெலிந்து பிடிக்குள் செல்கிறது. அகன்ற வாயை மரம் பற்றி இழுத்தால் முழு விசையும் அந்த மெல்லிய வாலில் இறங்கி அது முறிந்துவிடும். முறிந்த உருக்கு எங்கே பறக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கிண்ணத்துக்கென்றே உள்ள பௌல் கௌஜ், தடித்த உருளைக் கம்பியில் ஆழமான குழி தோண்டிச் செய்யப்படுவது. அதன் முழுத் தடிப்பும் பிடிக்குள் செல்கிறது. அந்த உளிக்குப் பணம் சேரும்வரை கிண்ணம் காத்திருக்கட்டும்.

பௌல் கௌஜை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாள் வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிரித்தானியத் தயாரிப்பாளர்கள் குழியின் அகலத்தைக் கொண்டு அளவு சொல்வது வழக்கம். அமெரிக்கர்கள் கம்பியின் விட்டத்தைச் சொல்கிறார்கள். ஆகவே ஷெபீல்டின் எட்டில் மூன்று அங்குலம் என்பதும், அமெரிக்க அரை அங்குலம் என்பதும் ஏறத்தாழ ஒரே உளிதான். இது தெரியாமல் இரண்டையும் வாங்கி வைத்திருப்பவன் இதை எழுதுகிறேன்.

சாணைக்கு வருவோம். மேசைமேல் பொருத்தும் இரட்டைக் கல் கிரைண்டர் நமக்குப் போதுமானது. 8 அங்குலக் கல் உள்ளது நல்லது. 6 அங்குலம் என்றாலும் வேலை நடக்கும். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேட்ஸ் என்பதால் சாதாரண கிரைண்டரின் மோட்டார் நிமிடத்துக்கு 2,850 சுற்றுகள் அளவில் ஓடும். மெதுவாக ஓடும் வகை அதில் பாதி, 1,425 சுற்றுகள் அளவில் ஓடும். மெதுவானதுதான் புதியவருக்கு உகந்தது, ஏனெனில் தவறு செய்தாலும் கொஞ்சமாகத்தான் தேயும். அது கிடைக்காவிட்டால் வேகமானதையே வாங்கிக் கையை மென்மையாக்கிக்கொள்ளுங்கள். கிரைண்டருடன் வரும் சாம்பல் நிறக் கல் கத்திக்கும் மண்வெட்டிக்கும் உரியது. கடினமாகப் பிணைக்கப்பட்டிருப்பதால் அதன் துகள்கள் மழுங்கிய பின்னரும் உதிராமல் நின்று, வெட்டுவதற்குப் பதிலாக உரசிச் சூடேற்றும். அதைக் கழற்றிவிட்டு, 80 எண் வெள்ளை அலுமினியம் ஒக்சைட் கல் ஒன்றைப் பூட்டுங்கள். வாங்கச் செல்லும் முன்னர் கிரைண்டரின் தண்டை அளந்துகொண்டு போங்கள், 12.7 மில்லிமீற்றர், 16 மில்லிமீற்றர் என்று துளைகள் வேறுபடும். கல்லை ஒரு விரலில் தொங்கவிட்டு மரப்பிடி ஒன்றினால் தட்டிப் பாருங்கள். மணிபோல ஒலித்தால் நல்லது. உடைந்த சட்டியைப் போலச் சத்தமிட்டால் உள்ளே வெடிப்பு இருக்கிறது, வாங்க வேண்டாம். பூட்டியபின் முதல் ஒரு நிமிடம் கல்லுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று ஓடவிடுங்கள்.

கிரைண்டருடன் வரும் தகரத் தாங்கி எதற்கும் உதவாது. ஒட்டுப்பலகைத் துண்டுகளைக் கொண்டு, கோணத்தை மாற்றிப் பூட்டக்கூடிய அகலமான தாங்கி ஒன்றை நீங்களே செய்துகொள்ளலாம். தாங்கிக்கும் கல்லுக்கும் இடையில் இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கோணங்களைத் தடித்த அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்: ரஃபிங் கௌஜுக்கு 45 பாகை, ஸ்பிண்டில் கௌஜுக்கு 35 முதல் 40 பாகை, பார்ட்டிங் உளிக்கு இரு முகங்களும் சேர்ந்து 50 பாகை அளவு, சுரண்டும் உளிக்கு 70 முதல் 80 பாகை. இவை வேதவாக்கு அல்ல. ஐந்து பாகை முன்னும் பின்னும் இருந்தாலும் மரம் வெட்டுப்படும். ஒவ்வொரு முறையும் அதே கோணத்துக்குத் திரும்பி வர முடிகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. உளியின் சாய்முகம் முழுவதையும் கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசுங்கள். கிரைண்டரை நிறுத்திவைத்து, உளியைத் தாங்கியில் வைத்து, கல்லைக் கையால் கொஞ்சம் சுழற்றிப் பாருங்கள். கறுப்பு குதிப்பக்கம், அதாவது வாய்க்கு எதிர்ப்புற ஓரம், மட்டும் அழிந்திருந்தால் உளியின் பிடியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். வாய்ப்பக்கம் மட்டும் அழிந்திருந்தால் தாழ்த்த வேண்டும். முழுவதும் சீராக அழிந்திருந்தால் மட்டுமே மின்சாரத்தைப் போடுங்கள். பிறகு உளியின் சொந்த எடை மட்டும் கல்லில் படும்படி பிடித்து, கௌஜை இடமும் வலமுமாக உருட்டிக்கொண்டே இருங்கள். பொறிகள் வாயின் மேல்விளிம்பைத் தாண்டி மேலே எட்டிப் பார்க்கும் கணத்தில் நிறுத்திவிடுங்கள்.

எச்.எஸ்.எஸ். உளியைச் சூட்டோடு தண்ணீரில் தோய்க்க வேண்டாம். திடீர்க் குளிர்ச்சியில் வாயில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகலாம். காபன் உளிக்கு இது மாறானது: அதை இரண்டு நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் தொட்டுத் தொட்டுத்தான் தீட்ட வேண்டும். மேலும் ஒன்று: கிரைண்டரைக் கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உலர்ந்த சீவல் குவியலில் பொறி விழுந்தால் அது உடனே எரியாது. உமியில் வைத்த நெருப்பைப் போல உள்ளுக்குள் கனன்று, நீங்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போன பின்னர்தான் தன் வேலையைக் காட்டும்.

கிரைண்டருக்கே வழியில்லை என்பவர்களுக்கு மாற்று உண்டு. கடைசல் இயந்திரத்தின் முகத்தட்டில் வட்டமான ஒட்டுப்பலகை ஒன்றைப் பூட்டி, 80 எண் அலுமினியம் ஒக்சைட் சாண்ட் பேப்பரை அதில் ஒட்டி, மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டுத் தீட்டலாம். தட்டு உங்கள் உளியிலிருந்து விலகிச் செல்லும் திசையில் சுழலும் பக்கத்தில்தான் தீட்ட வேண்டும். எதிர்த் திசையில் வைத்தால் தாள் கிழிந்து உளி கையை இழுக்கும். ஒவ்வொரு முறையும் வேலையைக் கழற்றிப் பூட்டுவது சலிப்பூட்டும் என்பதுதான் இதன் குறை. சலிப்பு வந்தால் மழுங்கிய உளியோடே கடையத் தொடங்குவோம்.

கொழும்பில் எங்கே வாங்குவது? பழைய சோனகத் தெருவிலும் குவாரி வீதியிலும் இரும்புச் சாமான் கடைகளில் ஒரு காலை முழுவதும் அலைந்தால் கிரைண்டர், வெள்ளைக் கல், கல்லின் முகத்தைச் சீர்செய்யும் டிரெஸ்ஸர், முகக்கவசம் ஆகிய அனைத்தையும் கையில் எடுத்துப் பார்த்து, விலை பேசி வாங்கிவிடலாம். கடைசல் உளி என்று கேட்டால் மட்டும், பெரும்பாலும் தச்சர்களின் மட்ட உளியையோ செதுக்கு உளியையோ எடுத்துக் காட்டுவார்கள். சுத்தியலால் தட்டிச் செதுக்குவதற்கான அந்த உளிகளைச் சுழலும் மரத்தில் வைக்கவே கூடாது. அவற்றின் நீளமும் பிடியும் அதற்கு ஏற்றவை அல்ல. ஆகவே உளிகளுக்கு இணையத்தை நாட வேண்டியிருக்கும். உளி என்பது உருக்கு. எடைக்கேற்ப அனுப்புகூலி ஏறும், அதன்மேல் சுங்கத் தீர்வையும் சேரும். 2022இல் ரூபாய் சரிந்ததிலிருந்து நான் யாருக்கும் விலை எழுதிக் கொடுப்பதில்லை. எழுதிய மை காயும் முன்னர் அது பொய்யாகிவிட்ட காலத்தைப் பார்த்தாயிற்று. எட்டு உளிகளின் எடைக்குக் கூலி கொடுத்து அதில் ஐந்தைத் தூங்கவிடுவதைவிட, மூன்று உளிகளின் எடைக்குக் கொடுப்பது இலாபம் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. பிடியில்லாத உளிகளாகவே கிடைத்தால் இன்னும் நல்லது. பெயரில்லாத சீனத் தயாரிப்பாக இருந்தாலும் எச்.எஸ்.எஸ். என்றால் தயங்க வேண்டாம். வாய் ஒழுங்காக அரைக்கப்பட்டிராது, குழி கரடாக இருக்கும், அதை ஒரு மாலை நேரத்தில் சரிசெய்துவிடலாம். ரொபர்ட் சோர்பி போன்ற நிறுவனங்களின் உளி உயர்ந்தது என்பதில் மறுப்பில்லை. 1828இலிருந்து ஷெபீல்டில் செய்து வருகிறார்கள். ஆனால் தீட்டக் கற்றுக்கொள்ளும் காலத்தில் எந்த உளியும் சாணையில் பாதி தேய்ந்துபோகும்; தேய்வது மலிவானதாக இருக்கட்டும்.

நான்காவது உளியை வாங்க வேண்டாம், செய்துகொள்ளுங்கள். இரும்பு கடையும் லேத் பட்டறைகளில் பயன்படும் எச்.எஸ்.எஸ். சதுரக் கட்டைகள் இரும்புச் சாமான் கடைகளில் தனித்தனியாக விற்கப்படுகின்றன. 10 மில்லிமீற்றர் சதுரத்தில், விரல் நீளத்தில் இருக்கும். 16 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரண இரும்புக் கம்பி ஒன்றின் நுனியில், தெரிந்த பட்டறையில் ஒரு பள்ளம் வெட்டுவித்து, அதில் இந்தக் கட்டையை வைத்து இரண்டு சிறிய திருகாணிகளால் இறுக்கி, அதன் நுனியை அரைவட்டமாகத் தீட்டிவிட்டால் அருமையான சுரண்டும் உளி கிடைத்துவிடும். பழைய அரத்தைத் தீட்டி உளியாக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அரம் கண்ணாடியைப் போல நொறுங்கும் கடினத்தில் பதமிடப்பட்டது. சுழலும் மரம் ஒரு தட்டுத் தட்டினால் உடைந்து முகத்துக்கு வரும். வாகனத்தின் வில்தகட்டில் அடித்த உளி அப்படி நொறுங்காது. பஞ்சிகாவத்தையில் பழைய தகடு வாங்கிக் கொல்லனிடம் கொடுத்து அடிப்பித்தவர்களின் உளிகளைக் கையாண்டிருக்கிறேன், நன்றாகவே வெட்டுகின்றன. ஆனால் நீல நிறத்துக்கு அவையும் தப்புவதில்லை.

கார்பைட் என்னும் மிகக் கடினமான பொருளின் துண்டு பூட்டிய உளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்களை நோக்கி அவை பலமாக விளம்பரப்படுத்தப்படுகின்றன. தீட்ட வேண்டியதில்லை, துண்டைக் கொஞ்சம் திருப்பிப் பூட்டினால் புதிய வாய் வந்துவிடும் என்பது மெய். சாணை வாங்க இடமோ பணமோ இல்லாத தொடர்மாடி வீட்டுக்காரருக்கு இது நியாயமான வழிதான். ஆனால் அவை பெரும்பாலும் மரத்தைச் சுரண்டுகின்றன. கௌஜைப் போலச் சீவுவதில்லை. மென்மையான மரத்தில் இழை பிய்ந்து நிற்கும். பிறகு சாண்ட் பேப்பரில் மணிக்கணக்காக நிற்க வேண்டிவரும். துண்டுகள் தேயத் தேய வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

உண்மையில் உளிகளின் எண்ணிக்கை என்றுமே கைத்திறனைத் தீர்மானித்ததில்லை. மாத்தளைப் பக்கத்தில் அரக்குப் பூசிய கடைசல் வேலை செய்யும் மரபில், கயிற்றை முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றும் கடைசல் பட்டடையில் நிலத்தில் அமர்ந்து, மிகச் சில உளிகளைக் கொண்டே வேலை நடந்தது. தயிர் கடைவதும் இதே கயிற்று அசைவுதான்; மரத்துக்கும் தயிருக்கும் தமிழ் ஒரே வினைச்சொல்லை வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல என்று எனக்குத் தோன்றும். நீங்கள் மத்துக் கடைய நினைப்பதாக எழுதியிருந்ததைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது.

பழகுவதற்கு மரம் வாங்க வேண்டாம். பட்டை உரித்த கறுவாத் தடிகள் விறகாக விற்கப்படுகின்றன. நேரானவை, அளவானவை, வெட்டும்போது அறை முழுவதும் மணக்கும். மொரட்டுவைத் தளபாடப் பட்டறைகளின் வாசலில் மகோகனித் துண்டுகள் சாக்குக் கணக்கில் கிடைக்கும். வேலியோரத்துக் கிளிசரிடியாவைப் பச்சையாகக் கடைந்து பாருங்கள். ஈர மரம் புதியவருக்கு அவ்வளவு இணக்கமானது. முதிரையை மட்டும் பின்னுக்குத் தள்ளுங்கள். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். எந்த மரமானாலும் முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் இல்லாமல் இயந்திரத்தை இயக்க வேண்டாம். கண்ணாடி மட்டும் அணிவது போதாது. வேகத்துக்கு ஒரு கணக்கு: கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் இடையில் வர வேண்டும். இரண்டு அங்குலக் கட்டைக்கு அது 3,000 முதல் 4,500 சுற்றுகள். சதுரமாக இருக்கும்வரை அதில் பாதிக்கும் கீழே ஓட்டுங்கள். கடற்கரைக்கு இவ்வளவு அருகில் வசிப்பதால், வேலை முடிந்ததும் உளிகளை எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். எச்.எஸ்.எஸ். உருக்கும் வெள்ளவத்தைக் காற்றில் துருப்பிடிக்கும்.

முதல் வேலையாக, பிடியில்லாமல் வாங்கிய அந்த மூன்று உளிகளுக்கும் பிடி கடையுங்கள். அந்தப் பிடிகளைக் கடைய உளி வேண்டுமே என்றால், ரஃபிங் கௌஜை மட்டும் பிடியோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பிண்டில் கௌஜுக்கு 30 சென்ரிமீற்றர் நீளம் போதும். மரம் முற்றாக உலர்ந்ததாக இருக்க வேண்டும்; ஈர மரத்தில் செய்த பிடி பின்னர் சுருங்கிப் பூணை விட்டுவிடும். பூணுக்குப் பித்தளை தேட வேண்டியதில்லை. குளிரூட்டி பொருத்துபவர்கள் வெட்டி எறியும் செப்புக் குழாய்த் துண்டு, எட்டில் ஐந்து அங்குலத்தது, அளவாக இருக்கும். முதலில் பிடியின் நுனியைக் குழாய் இறுக்கமாக ஏறும் அளவுக்குக் கடைந்து பூணை ஏற்றிவிடுங்கள், துளையைப் பிறகுதான் இட வேண்டும். நான் முதற் பிடிக்குத் துளையை முதலில் இட்டேன். பூணை அடித்து ஏற்றும்போது அது நடுவில் பிளந்தது.